கடல் கடந்த திண்ணை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், 2019 பிப்ரவரியில் நானும் வீட்டுக்காரரும் கரீபியக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுக்குப் போய், ஏழே அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதியில் ஒன்பது இரவு தங்கியதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பாளையங்கோட்டையில் 28 வருஷம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த மொழி தெருவில் பேசப்படுவதைக் காதால் கேட்டது அந்தப் பயணத்தில்தான். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

டீச்சர், எங்கள் மகள் பாரிஸில் வேலை பார்க்கிறாள். எங்களுடைய நாற்பதாவது கல்யாண நாளுக்கு குவாதலூப் போய்வர டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்கிறாள். நீச்சல் குளம், மூன்று வேளை பஃபே எல்லாம் உள்ள பெரிய ஹோட்டல் ஒன்று, நீங்கள் எழுதியது மாதிரி சின்ன விடுதி ஒன்று, இரண்டின் படமும் அனுப்பியிருக்கிறாள். அவருக்கு முழங்கால் வலி உண்டு. எதில் தங்கலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

சின்ன விடுதியில் தங்குங்கள் அம்மா. யோசிக்கவே வேண்டாம்.

நாங்களும் முதல் மூன்று இரவு பெரிய ஹோட்டலில்தான் இருந்தோம். கடலைப் பார்த்த அறைதான், ஆனால் ஜன்னல் திறக்காது. ஏசி ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். கையில் கட்டிவிட்ட நாடாவைக் காட்டினால் சாப்பாடு. கடைத்தெரு எந்தப் பக்கம் என்று கேட்டேன். எல்லாம் உள்ளேயே இருக்கிறதே, ஏன் வெளியே போகிறீர்கள் என்றார்கள். மூன்று நாளில் அந்தத் தீவுக்காரர் ஒருவரோடும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவில்லை. நாங்கள் இருப்பது குவாதலூப்பா கோவாவா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்ல எங்களிடம் ஒரு அடையாளமும் இல்லை.

நாலாம் நாள் காலையில் காப்பஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்த ஏழு அறை விடுதிக்கு மாறினோம். மரவீடு, தகரக்கூரை. முன்பக்கம் முழுக்க நீளமாக ஒரு வராந்தா. அதை நான் திண்ணை என்றேதான் சொல்வேன், ஏனென்றால் அங்கே நடந்ததெல்லாம் திண்ணையில் நடப்பதுதான். காலையில் காப்பி அங்கே, மத்தியானத் தூக்கம் அங்கே, வருகிறவர் போகிறவர் நின்று பேசுவது அங்கே. ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, மரப்பட்டை அடுக்கிய கதவுதான். கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்து பகல் முழுக்கக் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நம் பக்கம் வீசுமே, அப்படி விடாமல் வீசும். கூடவே கொஞ்சம் உப்பு. ஃபேன்கூடப் பல நேரம் போடவில்லை.

விடுதியை நடத்தியவர் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா. காலையில் ரொட்டியும், அவரே காய்ச்சிய கொய்யாப்பழ ஜாமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். நேற்று எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், இவருக்குக் கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இரண்டாம் நாளே இவருக்காகச் சாய்வு நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ தூக்கிவந்து போட்டார். அந்த நாற்காலியை விட்டு இவர் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். முப்பது வருஷம் அலுவலகம், வீடு, கடன், பிள்ளைகள் படிப்பு என்று ஓடிய மனிதர், ஒரு மத்தியானம் முழுக்க மழை தகரத்தில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். எனக்கு அதைவிட வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதிவு செய்யும் முன் சில விஷயங்களை மகளைவிட்டு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர். அந்தத் தீவில் குழாய்த் தண்ணீர் அடிக்கடி நிற்கும், முறை வைத்து விடுவதும் உண்டு. விடுதியில் தனித் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் வீடு வாடகைக்குப் பார்க்கும்போது சம்ப் இருக்கா என்று கேட்பதில்லையா, அதே கேள்விதான். அடுத்தது படி. மலைச்சரிவில் தூண்மேல் கட்டிய அறைகள் நிறைய; உங்கள் வீட்டுக்காரருக்குத் தரைத்தளம்தான் சரி. கொசுவலை உண்டா என்றும் கேளுங்கள், டெங்கு அங்கேயும் இருக்கிறது.

அப்புறம், ராத்திரி. சின்ன விடுதிகளில் விடிய விடிய ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நாங்கள் மாறிய அன்றே ஊரைப் பார்த்துவிட்டு எட்டரை மணிக்குத் திரும்பினால் வாசல் பூட்டியிருந்தது. சாவியைப் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்திருப்பதாகக் காலையில் அந்த அம்மா சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வருஷம் முழுக்க அங்கே ஆறு, ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆறு மணிக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது, ஞாயிற்றுக்கிழமை பஸ் அநேகமாக இல்லை. டாக்ஸிக்குக் காசு கரையும். விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவார்களா என்று கேட்டு, சரி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் எடுப்பதானால் மகள் ஓட்டட்டும். அங்கே வண்டி வலது பக்கம் போகும்.

எங்களுக்கு ஓர் இரவுக்கு 70 யூரோ ஆனது, காலைச் சாப்பாடு சேர்த்து. பெரிய ஹோட்டலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்திருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராத்திரியில் ஏதோ மணி அடிக்கிற மாதிரி, சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்கும். பயப்படாதீர்கள். கட்டைவிரல் அளவுகூட இல்லாத மரத்தவளைகள். முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

எந்த மாதம் போகலாம்? நாங்கள் குற்றாலத்துக்காரர்கள். அங்கேயும் அருவி உண்டு என்கிறார்களே?
– வாசகர், தென்காசி

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம், அண்ணாச்சி. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் வேண்டவே வேண்டாம். 2017 செப்டம்பரில் மரியா புயல் பக்கத்துத் தீவான டொமினிக்காவைப் புரட்டிப் போட்டுவிட்டது.

குவாதலூப் பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு சிறகுள்ள தீவு. நடுவே ஒரு குறுகலான கடல்வாய். மேற்குச் சிறகு முழுக்க மலை, காடு, மழை. கிழக்குச் சிறகு சுண்ணாம்புப் பாறைச் சமவெளி, கரும்பு, வெயில். பாபநாசத்தையும் ராதாபுரத்தையும் ஒரே தீவில் ஒட்டவைத்தது போல. நீங்கள் மேற்கே தங்குங்கள். பிப்ரவரியிலும் சாரல் விழும், உங்களுக்குப் பிடிக்கும்.

அருவி என்றால் கார்பே. மூன்று அருவிகள், இரண்டாவது 110 மீட்டர் உயரம். ஆனால் அண்ணாச்சி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடியில் போய் நிற்கலாம் என்று எண்ணிப் போகாதீர்கள். பாறை சரியும் என்று அருவிக்கு அடியில் விடுவதில்லை, எட்ட நின்று பார்ப்பதுதான். வெந்நீர் ஊற்றுகளும் உண்டு. சூஃப்ரியேர் என்ற எரிமலை பக்கத்திலேயே இருக்கிறதே, 1,467 மீட்டர். அந்த வெந்நீரில் தலையை முக்காதீர்கள். மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா அதில் இருக்கலாம் என்று எச்சரிக்கிறார்கள். கழுத்து வரை போதும்.

அக்கா, நான் உவரிக் கடலில் வளர்ந்தவன். அங்கே கடலில் என்ன பார்த்து இறங்க வேண்டும்?
– வாசகர், திசையன்விளை

தம்பி, இரண்டே விஷயம். முதலாவது, விடுதி எந்தக் கரையில் இருக்கிறது என்று பார். 2011-லிருந்து சர்காசம் என்னும் பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக மிதந்துவந்து கரீபியத் தீவுகளின் கிழக்குக் கரைகளில் ஒதுங்குகிறது. கரையில் கிடந்து அழுகினால் கூமுட்டை நாற்றம். நாங்கள் இருந்த காப்பஸ்தேர் பக்கமும் இரண்டு நாள் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடற்கரையில் நடந்தோம். படத்தில் இது தெரியாது. இப்போது பாசி வந்திருக்கிறதா என்று விடுதிக்காரரிடம் நேராகக் கேள், உள்ளதைச் சொல்வார்கள். குளிக்க மேற்குக் கரைக்குப் போய்விடு. தேஹே பக்கம் பொன்மணல், மாலாந்தூரில் எரிமலைக் கருமணல். மாலாந்தூருக்கு எதிரே சின்னத் தீவுகளைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்டது. கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்தால் மீன் கூட்டம்.

இரண்டாவது, மான்சினியே மரம். கடற்கரை ஓரத்திலேயே நிழலாக நிற்கும், சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் காய்க்கும். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும். காயைக் கடித்தால் வாயும் தொண்டையும் புண்ணாகிவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே கொப்பளிக்க வைக்கும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். தீட்டாத மரமும் இருக்கும். பிள்ளைகள் கூட வந்தால், கீழே கிடக்கும் எந்தக் காயையும் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவை.

நாங்கள் சுத்த சைவம். பத்து நாள் பட்டினி கிடக்க வேண்டியதுதானா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

இல்லவே இல்லை. ஆனால் அடுப்புள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். சின்ன விடுதிகளில் பலவற்றில் ஒரு மூலையில் சமையல் மேடை இருக்கும். சந்தையில் சௌசௌ, பூசணி, கத்திரிக்காய், நேந்திரம் மாதிரி வாழைக்காய், சேனையை நினைவூட்டும் கிழங்குகள், தேங்காய் எல்லாம் குவிந்திருக்கும். ஈரப்பலா கிடைத்தால் விடாதீர்கள்; நான் அதில் சொதி வைத்தேன். பாசிப்பருப்பு மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தேன். திருநெல்வேலிச் சொதியை அந்த அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். வெளியே சாப்பிடும்போது, ‘அக்ரா’ என்று வடை மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அதில் கருவாடு இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள். ‘சாங் வியாந்த், சாங் புவாசோன்’ – இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். இந்த இரண்டையும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். காப்பஸ்தேரில் மரவள்ளி மாவைக் கல்லில் பரப்பிச் சுட்டு, தேங்காய்ப் பூரணம் வைத்துத் தருவார்கள், கசாவ் என்று பெயர். சூட்டோடு சாப்பிட வேண்டும்.

பெட்டியில் நெய் டப்பாவும் பச்சைக் கறிவேப்பிலையும் வைக்காதீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த மண். பால் சேர்ந்தது, இறைச்சி சேர்ந்தது, பச்சை இலை எதுவானாலும் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

அங்கே மாரியம்மன் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? தமிழ் பேசுவார்களா?
– வாசகர், சங்கரன்கோவில்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். 1854 டிசம்பர் 24-ஆம் தேதி ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் இந்தியர்களை குவாதலூப்பில் இறக்கியது. அதிலிருந்து 1889 வரை ஏறக்குறைய 42,000 பேர். கல்கத்தா வழியாகப் போனவர்களும் உண்டு; ஆனால் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்து திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் மிக அதிகம். மிஞ்சியவர்களுக்கு நெடுங்காலம் ஓட்டுரிமைகூட இல்லை. காப்பஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904-இல் அதற்காக வழக்குத் தொடங்கி, 1923 வரை போராடித்தான் வாங்கிக்கொடுத்தார். பெயரைப் பாருங்கள், சிதம்பரம்.

தமிழ் பேசுவார் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் கிரயோல் என்ற தீவுப் பேச்சு என்று மூன்று நாலு தலைமுறையில் போய்விட்டது. ஆனால் சொற்கள் இருக்கின்றன. தபால் பெட்டிகளில் ராமசாமி, முத்துசாமி என்று பார்த்தேன், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். எங்கள் விடுதிக்கார அம்மாவின் முன்னோரும் அப்படிக் கப்பலில் வந்தவர்கள். அது எனக்கு விடுதிக்கு வந்த நாலாம் நாள்தான் தெரிந்தது. கொல்லையில் நின்ற மரத்தைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ‘வெப்பெலே’ என்றார். வேப்பிலை! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிரெஞ்சில் கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் வந்திருக்கிறது, சொன்னவருக்கு அது தமிழ் என்று தெரியாது.

காப்பஸ்தேரில் சாலையோரத்திலேயே சாஞ்ஜி கோயில் இருக்கிறது. வண்ணச் சுதைகளோடு, நம் ஊர்க் கோயில் மாதிரியே. அம்மனை ‘மாலியெமென்’ என்கிறார்கள். கூட இருக்கும் காவல் தெய்வம் ‘மல்தெவிலென்’, அதாவது மதுரை வீரன். பூசாரிக்கு ‘பூசாரி’, மேளத்துக்கு ‘தப்பு’, ‘மத்தளோன்’. அர்த்தம் தெரியாமலே பாட்டைத் தமிழில் பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் உறவினர் வீட்டில் அம்மனுக்குச் செய்கிறார்கள் என்று எங்களையும் கூட்டிப்போனார். கிடா வெட்டு உண்டு. சுடலைமாடன் கொடையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த இடத்தில் எதுவும் அந்நியமாக இல்லை. தப்பு அடி விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் வாழை இலையில் சோறு, ஆட்டுக்கறிக் ‘கொலொம்போ’. தீவு முழுக்க எல்லா இனத்தாரும் சமைக்கும் குழம்பு இது. மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், வெந்தயம், மிளகு அரைத்த பொடி, காரம் குறைச்சல். பெயர் ‘குழம்பு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார் பலர், கொழும்பு என்ற ஊரிலிருந்து என்பாரும் உண்டு. வாயில் வைத்த எனக்குச் சந்தேகம் இல்லை, குழம்புதான். சாப்பிட உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். எதிரே இருந்த பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் தம்ளரை எடுத்து, அவரும் தன் இலையில் தெளித்துக்கொண்டார்.

கோயிலுக்கு யார் வேண்டுமானாலும் போய்வரலாம். அந்த இலைக்கு முன்னால் எங்களை உட்காரவைத்தது அந்த விடுதிக்கார அம்மா.

பிரெஞ்சு தெரியாது. விசாவும் சிக்கல் என்கிறார்கள். வேறு தீவு சொல்லுங்கள்.
– வாசகர், மேலப்பாளையம்

குவாதலூப் 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். ஆனாலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா மட்டும் இருந்தால் அங்கே இறங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது; விண்ணப்பத்திலேயே குவாதலூப் என்று குறிப்பிட்டு அதற்கான விசா வாங்க வேண்டும். பாரிஸில் விமான நிலையம் மாற வேண்டியிருந்தால் ஷெங்கனும் வேண்டும்.

ஆங்கிலம் போதும் என்றால் பார்படோஸ், டொமினிக்கா. இரண்டும் இந்தியச் சுற்றுலாப் பயணிகளிடம் முன்கூட்டியே விசா கேட்பதில்லை; விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டொமினிக்கா வேறு, டொமினிகன் குடியரசு வேறு, டிக்கெட்டில் கவனம். போகிற வழியில் அமெரிக்காவில் விமானம் மாறினாலே அமெரிக்க விசா வேண்டும், இதை மறந்து பணத்தை விட்டவர்கள் உண்டு. டிரினிடாட் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் திரும்பி வராதீர்கள்; நம் நாட்டில் இறங்கும்போது கேட்பார்கள். கிளம்பப் பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்; கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

நீங்கள் கிரிக்கெட் பிரியர் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வீராசாமி பெருமாள் என்று மேற்கிந்தியத் தீவுகள் அணியில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் ஆடினாரே, கயானாக்காரர். விடுதித் திண்ணையில் பேச்சைத் தொடங்க அந்தப் பெயர் ஒன்று போதும்.

பிரெஞ்சுத் தீவோ ஆங்கிலத் தீவோ, கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

விடுதிக்காரருக்கு நம் ஊரிலிருந்து என்ன கொண்டுபோய்க் கொடுக்கலாம்?
– வாசகி, சேரன்மகாதேவி

பக்கத்து ஊரை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்கிறீர்களே அம்மா! பத்தமடைப் பாய். மெல்லிய ரகமாக வாங்கினால் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடலாம், கனமே தெரியாது. அல்வா வேண்டாம், நெய் இருக்கிறது.

நான் கொடுத்த பாயை அந்த அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். இது மாட்டுவதற்கில்லை அம்மா என்று நானே கழற்றித் திண்ணையில் விரித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் அதில்தான் படுத்தோம். அவர் முதலில் தூங்கிவிட்டார்.